குளிக்காமல் காத்திருந்த பௌர்ணமி

இப்போது நான் இத்தாவில் இருக்கிறேன். கணவர் மௌத்தாகிவிட்டால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் வெளியே போகாமல், அலங்காரம் செய்துகொள்ளாமல் வீட்டோடு இருக்க வேண்டும். அதற்குத்தான் இத்தா என்று பெயர். எனக்கு இது இரண்டாவது இத்தா. முதல் இத்தாவும் இதே வீட்டில்தான் இருந்தேன். அதற்கும் இதே மனுஷன்தான் காரணம். அப்போது அவர் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கேட்கிறவர்கள் கிறுக்குப் பிடித்தவள் என்பார்கள். சொல்லட்டும். அந்த முதல் இத்தா நாட்களை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. கட்டின நாளிலிருந்து கண்ணை மூடுகிற வரைக்கும் அவர் என்னிடம் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டது அந்த மூன்று மாதம்தான்.

அப்போது நிக்காஹ் ஆகி மூன்று வருடம். குழந்தை இல்லை. அவர் ஆட்டோ ஓட்டினார். பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டுக்குத்தான் சவாரி ஜாஸ்தி. ஆசிரமத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள், வெள்ளைக்காரர்கள். எனக்கோ வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து பைத்தியம் பிடிக்காத குறை. தெரிந்த அக்கா ஒருத்தி, செங்கம் ரோட்டில் ஒரு சின்ன ஹோட்டலில் காலையில் மட்டும் சப்பாத்தி போட ஆள் தேடுகிறார்கள் என்றாள். அவரிடம் சொன்னால் வேண்டாம் என்பார். அதனால் சொல்லவில்லை. அவர் ஆறு மணிக்கு வண்டியை எடுத்ததும் நான் ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவேன். பத்தரைக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பத்தாவது நாள், ஒரு வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு அவரே அந்த ஹோட்டல் வாசலில் வந்து வண்டியை நிறுத்தினார். சமையலறை ஜன்னல் ரோட்டைப் பார்த்து இருந்தது. உள்ளே கையெல்லாம் மாவோடு நான். வெளியே கையில் பெட்டியோடு அவர். பெட்டியை இறக்கி வைத்தார், வண்டியைத் திருப்பினார், போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்து, பதற்றத்தை மறைக்கத் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியில் எல்லாம் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்தார்.

"ஊரையே ஏத்தி எறக்குறேன். என் பொண்டாட்டி எங்க இருக்கானு எனக்கே தெரியல. சொல்லாம செஞ்சிட்டியே!"

"சொன்னா விட்டிருப்பீங்களா?"

"விடறேன், விடல, அது வேற. சொல்லாம செஞ்சது செஞ்சதுதானே?"

"ஆமா, செஞ்சேன். இப்ப இன்னா பண்ணிடுவீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது. ஆனால் என் வாய் எனக்கு என்றைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது? அவர் முகம் சிவந்தது. "உன்ன தலாக் விட்டேன்" என்றார். மறுபடியும் வாயைத் திறந்தார். இன்னொரு தடவை அந்தச் சொல் என் காதில் விழக் கூடாது என்று தோன்றியதுதான் தெரியும், மிக்ஸியைப் போட்டுவிட்டேன். அது கத்தின கத்தலில் வீடே அதிர்ந்தது. அவர் வாய் அசைகிறதா இல்லையா என்றுகூட நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்னி தண்ணீராகிற வரைக்கும் ஓட விட்டேன். நிறுத்திவிட்டுப் பார்த்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் ஒரே மூச்சில் மூன்று தலாக் சொன்னால் போலீஸ் கேஸ். அப்போது அதெல்லாம் இல்லை. பள்ளிவாசல் ஹஜரத் என்ன சொல்கிறாரோ அதுதான் தீர்ப்பு. மறுநாள் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனோம். கணவர் கூடத்தில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால், ஹஜரத்தின் மனைவி பக்கத்தில் நின்றேன்.

"எத்தன தடவ சொன்னே?" என்று ஹஜரத் கேட்டார்.

"ஒண்ணு, ஹஜரத்."

"மிக்ஸி ஓடும்போது?"

"மிக்ஸிய நிறுத்துடினு கத்துனேன், ஹஜரத். அல்லாமேல ஆணையா அவ்ளோதான்."

"நீ இன்னாம்மா கேட்டே?"

"ஒண்ணு கேட்டேன். அப்பறம் தேங்கா சத்தம்தான் கேட்டுச்சு" என்றேன்.

ஹஜரத் தாடியைத் தடவிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது குரலில் தெரிந்தது. "ஒண்ணு நிச்சயம். மத்தது சந்தேகம். சந்தேகத்த வெச்சிக்கினு ஒரு குடும்பத்த பிரிக்க முடியாது. ஒண்ணுதான்" என்று முடித்தார்.

மூன்று சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். ஒன்றுதான் என்றால் வழி இருக்கிறது. மனைவிக்கு மூன்று மாதவிலக்கு வந்து முடிகிற வரைக்கும் இத்தா. அதற்குள் கணவன் "உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டேன்" என்று சொல்லிவிட்டால் போதும், பழைய நிக்காஹ் அப்படியே நிற்கும். அவள் சம்மதம்கூட வேண்டாம். சொல்லாமல் நாள் கடந்துவிட்டால் நிக்காஹ் முறிந்துபோகும். பிறகு சேர வேண்டுமென்றால் புதிதாக மஹர் பணம் கொடுத்து, சபை கூட்டி மறுபடியும் நிக்காஹ் செய்ய வேண்டும். ஹஜரத் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடியிருக்கலாம் அல்லவா? "அவரே வந்து கூப்ட்டாலும் நான் வரமாட்டேன், சொல்லிடுங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினேன். மனசுக்குள், அவர் அங்கேயே அப்போதே அந்த வார்த்தையைச் சொல்லிவிட மாட்டாரா என்று துடித்துக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹஜரத்தின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தா அம்மா வீட்டுக்கு ஓடிடாத. அவன் வீட்லயே இரு. நல்லா உடுத்திக்க, பூ வெச்சிக்க. அவன் மனசு மாறட்டும்னுதான் இந்த நாளே வெச்சிருக்கு" என்று காதில் சொன்னார். கணவரிடம் ஹஜரத் சொன்னது ஒன்றுதான். "வீட்டுக்குள்ள திடீர்னு போய் நிக்காத. செருப்புச் சத்தம் அவளுக்குக் கேக்கணும்."

அந்தப் பேச்சை இந்த மனுஷன் எப்படிக் கடைப்பிடித்தார் என்கிறீர்கள்! எங்களுக்கு இரண்டே அறை. நடுவில் பச்சை நிறப் போர்வையைத் திரையாகக் கட்டினார். முன்னறையில் அவர், உள்ளறையில் நான். தெருமுனையிலேயே செருப்பைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார். வாசலில் வந்து இருமுவார். அப்புறம் ஒரு தட்டு. அப்புறம், "வரலாங்களா?"

என்னை "டி" போட்டுத்தான் கூப்பிட்டுப் பழக்கம். இத்தா ஆரம்பித்ததும் "ங்க" வந்து ஒட்டிக்கொண்டது. "சாப்ட்டீங்களா?" "தண்ணி வந்துச்சிங்களா?" எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், ஒரு பக்கம் சிரிப்பு. திரைக்கு இந்தப் பக்கம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். நானும் சும்மா இருக்கவில்லை. கல்யாணப் புடவை மட்டும்தான் கட்டவில்லை, மற்ற எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கட்டினேன். கண்ணுக்குச் சுர்மா. அவர் மல்லிகைப் பூவை வாங்கிவந்து, கையில் கொடுக்காமல், தண்ணீர்க் குடத்தின் மூடிமேல் வைத்துவிட்டுப் போவார். யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. வைத்தேன் என்று அவரும் சொல்லவில்லை.

அதைவிடப் பெரிய வேடிக்கை இந்த ஹோட்டல் வேலை. அவர் சொல் இனி என்மேல் செல்லாது என்று வீம்பு பிடித்து நான் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு நாள் காலையில் கிளம்பி வாசலுக்கு வந்தால் ஆட்டோ நிற்கிறது.

"எங்க போவணுங்க?"

"செங்கம் ரோடு."

"உக்காருங்க."

அன்றிலிருந்து தினமும் அவரே கொண்டுபோய் விட்டார். பின்சீட்டில் நான். முன்னால் இருக்கிற கண்ணாடியை என் முகம் தெரியாதபடி மேலே தூக்கிவிட்டிருப்பார். அல்லாவே, அந்தக் கண்ணாடியில் அவருக்கு என்ன தெரிந்திருக்கும், ஆட்டோ கூரைதான்! வழியெல்லாம் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கதை சொல்லுவார். மலையின் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று கேட்டே நாலு கிலோமீட்டர் சண்டை போட்ட ஒரு சவாரியைப் பற்றி அவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "இன்னா ஆச்சு?" என்றேன். "ஒண்ணுல்லீங்க" என்று மறுபடியும் எடுத்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்றோ என்று நினைத்தாராம். பிற்பாடு சொன்னார்.

இவ்வளவு செய்தாரே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

முதல் மாதவிலக்கு வந்து போனது. இரண்டாவது வந்து போனது. மளிகைக்கடைக் காலண்டரில், தொழுகை இல்லாத நாட்களுக்குக் கீழே நான் சின்னப் புள்ளி வைத்தேன். அந்தக் கணக்கு பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது சட்டம். என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய அதிகாரம் என் கையில் இருந்தது அப்போதுதான். அதை வைத்துக்கொண்டு ராத்தூக்கம் கெட்டது. நானே போய்ச் சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம். சொல்லியிருக்கலாம். ஆனால் "கூப்ட்டாலும் வரமாட்டேன்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தியவள் நான். எந்த முகத்தோடு கேட்பது?

மூன்றாவது வந்தது. ஆறாவது நாள் காலை பத்து மணிக்கு நின்றுவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மலையைச் சுற்றுகிற கூட்டத்தில் ரோடெல்லாம் அடைத்துக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில் போக முடியாது என்று நான் வேலைக்கு லீவு போட்டிருந்தேன். அவர் காலையில் கிளம்பும்போதே, "மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துடுவேங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். குரலில் என்னவோ இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று எனக்கு அடித்துச் சொன்னது மனசு.

நின்றதும் தலைக்குக் குளிக்க வேண்டும், தொழ வேண்டும். குளித்துவிட்டால் இத்தா முடிந்தது, கதவு மூடிக்கொண்டது. அது எனக்குத் தெரியும். அதனால் குளிக்கவில்லை. நான் குளிக்காத வரைக்கும் அவருக்கு நேரம் இருக்கிறது என்பது என் கணக்கு. எண்ணெய் வழியும் தலையோடு உட்கார்ந்தேன். மத்தியான லுஹர் பாங்கு கேட்டது. அவர் வரவில்லை. கறிக்குழம்பு ஆறியது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தண்ணி வரலியா? எங்க கொடத்துல இருந்து எடுத்துக்க" என்றாள். "ஜலதோஷம்" என்று சொல்லி அனுப்பினேன். அஸர் பாங்கு கேட்டது. இரண்டு தொழுகையை வேண்டுமென்றே விட்ட பாவத்தை நினைத்து அழுதேன். அவர் எங்கேயோ விழுந்து கிடக்கிறாரோ என்று அழுதேன். வர வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாரோ என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கும் முடிந்தது. தெருமுனையில் செருப்புச் சத்தம் கேட்டது.

அடி அண்ணாமலை பக்கம் ஒரு சவாரியை விடப் போனவர் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வண்டியை அங்கேயே தெரிந்தவர் வீட்டில் போட்டுவிட்டு, மலையைச் சுற்றுகிறவர்களோடு சேர்ந்து நடந்தே வந்திருக்கிறார். சட்டையெல்லாம் வியர்வை. வாசலில் இருமினார். தட்டினார். திரைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"ஏங்க, மறுபடியும் சேந்துக்கலாமா?"

சேர்த்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கலாம், சட்டப்படி அது போதும். அவர் கேட்டார். காலையிலிருந்து சேர்த்து வைத்த வசனம் எல்லாம் மறந்துபோய், "நான் இன்னும் குளிக்கல" என்றேன்.

அவர் சிரித்தார் பாருங்கள், திரையே ஆடியது. "போய்க் குளிடி" என்றார். அந்த "டி"யைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகச் செத்திருப்பேன்.

மகளுக்கு எட்டு வயதிருக்கும்போது, வெள்ளிக்கிழமைகளில் தெருவில் பெண்களுக்கு மார்க்க வகுப்பு நடந்தது. ஒரு நாள் பாடம் சொன்ன ஆலிமா, போகிற போக்கில் ஒன்று சொன்னார். மூன்றாவது மாதவிலக்கு பத்து நாள் ஆவதற்கு முன்பே நின்றுவிட்டால், குளித்தாலும் இத்தா முடியும். குளிக்காமலே இருந்தாலும், ஒரு தொழுகை நேரம் முழுசாகக் கடந்துவிட்டால் அப்போதும் முடிந்துவிடும். மற்ற பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பௌர்ணமி நினைவுக்கு வந்தது. காலை பத்து மணிக்கு நின்றது. லுஹர் கடந்தது. அஸர் கடந்தது. அவர் வந்தது மஃரிபுக்குப் பிறகு. அப்படியானால் அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றபோது நான் அவருக்கு மனைவியே இல்லை. பிறகு வாழ்ந்த வாழ்க்கை? என் பிள்ளை?

யாரிடம் கேட்பது? ஹஜரத் அதற்குள் மௌத்தாகியிருந்தார். புது ஹஜரத்திடம் போனால் மாதவிலக்கு மணிக்கணக்கிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரிந்தால் மகளைத்தான் பேசுவார்கள். மறுபடியும் ஒரு நிக்காஹ் செய்துகொண்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். ஒரு நாள் சாப்பாடு போடும்போது விளையாட்டுப் போல, "இன்னொரு தடவ நிக்காஹ் பண்ணிக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"புதுப் பொடவைக்கு அடி போடறியா? உன்ன ஒருத்தியவே மூணு தடவ கட்டிக்கினேன். நாலாவது எதுக்கு?"

நிக்காஹ் ஒன்று, அந்தப் பௌர்ணமி சாயங்காலம் ஒன்று. இரண்டுதானே ஆகிறது, மனுஷனுக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு குழம்பை ஊற்றினேன். மறுபடியும் கேட்கத் தைரியம் வரவில்லை. கேட்காமலே பதினான்கு வருடம் ஓடிவிட்டது. அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தினேன். சந்தோஷமாகவும்தான் இருந்தேன், அதையும் சொல்ல வேண்டும்.

போன மாதம் ஆட்டோ ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பெண்கள் எனக்கு வெள்ளைப் புடவை கொடுத்து, இத்தாவில் உட்காரச் சொன்னார்கள். உட்காரும்போது என் உடம்பு கூசியது. மனைவிதானே இத்தா இருக்க வேண்டும், நான் யார்?

நேற்று, அவருடைய பழைய சிநேகிதர், பஸ் ஸ்டாண்டுக்கிட்டே டீக்கடை வைத்திருக்கிறவர், மனைவியோடு துக்கம் விசாரிக்க வந்தார். மனைவி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் முன்னறையில், திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். என் மகள் அவருக்கு டீ கொடுத்தாள். பழைய கதைகளைப் பேசிப் பேசி அழுதார், நடுவில் திடீரென்று சிரித்தார்.

"தங்கச்சி, ஒனக்கு அந்தத் தலாக் சமாச்சாரம் நெனவிருக்கா? சொன்ன நாலாவது நாளு, கடையில பால் பொங்கினு இருக்கு, வந்து என் கைய பிடிச்சி இழுத்துக்கினு போறான். பாங்கு சொல்ற மோதினாரயும் என்னையும் ஹஜரத் முன்னாடி நிக்க வெச்சி, 'என் பொண்டாட்டிய திரும்ப சேத்துக்கினேன், நீங்க ரெண்டு பேரும் சாட்சி'ங்கறான். ஹஜரத்து 'செல்லும்பா, ஆனா போயி அவகிட்ட சொல்லிடு, அதான் அழகு'ன்னாரு. இவன் கால்ல விழாத கொற. 'இப்ப சொன்னா வரமாட்டேன்னு கத்துவா ஹஜரத். கோவம் ஆறட்டும், நானே கேட்டுக்கறேன். அதுக்குள்ள நாளு தவறிப்போச்சினா இன்னா பண்றது, அதான் மொதல்லியே முடிச்சி வெச்சிட்டேன்'றான். ஒங்கிட்ட சொல்லியிருப்பானே?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். நிக்காஹ் ஒன்று. நாலாவது நாள், சாட்சியோடு ஒன்று. பௌர்ணமி சாயங்காலம் ஒன்று. மூன்று. மனுஷனுக்கு எண்ணத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் அழுதேன். மகளைக் கட்டிக்கொண்டு, வந்தவர்கள் பயந்துபோகிற அளவுக்கு அழுதேன். நான் மனைவிதான். ஒரு நாள்கூட, ஒரு தொழுகை நேரம்கூட மனைவியாக இல்லாமல் இருந்ததில்லை. அந்தப் பச்சைப் போர்வைக்கு இரண்டு பக்கமும் புருஷனும் பெண்டாட்டியும்தான் உட்கார்ந்து "ங்க" போட்டுப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு வண்டி ஓட்டியிருக்கிறார்.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. படுபாவி மனுஷா, பதினான்கு வருடம் என்னை இப்படி வேக விட்டீரே! இந்த இத்தாவில் எத்தனை நாள் குளிக்காமல் உட்கார்ந்தாலும் தெருமுனையில் அந்தச் செருப்புச் சத்தம் கேட்கப்போவதில்லை. கேட்டால், அவர் இருமுவதற்கு முன்பே, தட்டுவதற்கு முன்பே, திரையை விலக்கிக்கொண்டு ஓடிப்போய்க் கேட்பேன்:

"ஏங்க, சொல்லாம செஞ்சிட்டீங்களே!"